புதுப்பிப்பு: கீசர் மாத்தியாச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, அல்சூர் வீட்டுல 9 வருஷ கீசர் ஒழுகுது, ரிப்பேர் பண்ணவா, புதுசு வாங்கவான்னு. புதுசுதான் வாங்கினோம்.

பழசைப் பிரிச்ச எலெக்ட்ரீஷியன் அண்ணா உள்ளே இருந்த மக்னீசியம் கம்பியைக் காட்டினார். கம்பி எங்கே, ஈர்க்குச்சிதான் மிச்சம்! தொட்டி துருப்பிடிக்காம இருக்க, அதுக்குப் பதிலா தானே அரிச்சுப் போறதுதான் அந்தக் கம்பியோட வேலையாம். எங்க போர்வெல் உப்புத் தண்ணிக்கு வருஷா வருஷம் பார்க்கணுமாம். 9 வருஷமா யாரும் சொல்லலை, நானும் கேட்கலை.

வாங்கினது 15 லிட்டர், 2 கிலோவாட், உள்ளே கண்ணாடிப் பூச்சு. 25 லிட்டர் வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நன்றி, மூணு பேருக்கு இதுவே தாராளம். விலை 9,400. வட்டியில்லாத் தவணைன்னாங்க, பார்த்தா பிராசசிங் கட்டணம் தனி. மொத்தமாவே கட்டிட்டேன். பழசுக்கு 500 கழிச்சாங்க.