‘ஓகே’ என்ற ஒரு சொல்லும் 600 கிலோ துணியும்: வணிகக் கடிதங்களில் தெளிவு குறித்த அனுபவப் பகிர்வு

மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களை ஒருங்கிணைப்பவர்), திருப்பூர்:

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. சரக்கை வாங்கும் பையர் கேட்ட நீல நிறத்திற்குச் சாயப்பட்டறை வழக்கம்போல ஏ, பி, சி என மூன்று லேப் டிப் துண்டுகளை, அதாவது நிறம் சரிபார்க்கச் சாயமேற்றிய சிறு மாதிரித் துணிகளை, தயாரித்துக் கொடுத்தது. அவற்றைப் பார்த்த பையர், ‘பி’ ஓரளவு நெருங்கி வந்திருக்கிறது என்றும், இன்னும் சற்று அடர்த்தியாக்கி மறுபடி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதை நான் பட்டறை மேலாளருக்கு, “பி ஓகே சார், கொஞ்சம் டார்க்கா போட்டுடுங்க” என்று வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பினேன். மூன்றில் அது பரவாயில்லை, அதைவிட அடர்த்தியாக இன்னொரு லேப் டிப் போடுங்கள் என்பதுதான் என் மனத்தில் இருந்தது. ஆனால் சாயத் தொழிலில் இருப்பவருக்கு ‘ஓகே’ என்றால் ஒப்புதல். ‘போடுவது’ என்றால் துணியை மெஷினில் போடுவது.

மறுநாள் மாலை, “லாட் இறங்கிடுச்சுங்க மேடம்” என்று அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மாதிரிக்குப் பதிலாக 600 கிலோ துணிக்கும் சாயம் ஏற்றிவிட்டார்கள். நிறங்களை ஒப்பிட உதவும் லைட் பாக்ஸின் வெளிச்சத்தில் ‘பி’ துண்டை அந்தத் துணியின் மேல் வைத்துப் பார்த்தபோது, அது சற்று அடர்த்தியாக இல்லை, மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. சாயம் குறைந்திருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். ஏறிவிட்டதை இறக்குவது பெரும்பாடு, துணியின் உறுதியும் குறையும். கடைசியில் அந்த 600 கிலோவையும் கறுப்பாக்கி வேறொரு ஆர்டருக்கு எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் என்மேல் கோபப்படவில்லை. தம் பையன்களிடம், “எழுதினபடிதானே போட்டோம்” என்று மட்டும் சொன்னார். அது உண்மையாக இருந்ததால்தான் இன்றுவரை மனத்தில் நிற்கிறது.

இப்போது நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: “பி ஒப்புதல் ஆகவில்லை. பல்க் (மொத்தத் துணி) போட வேண்டாம். பி-யைவிட அடர்த்தியான புதிய லேப் டிப் 12ஆம் தேதி, வியாழக்கிழமை மாலைக்குள் வேண்டும்.” தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுகிறேன். திங்கட்கிழமையன்று ‘அடுத்த வியாழன்’ என்று எழுதினால், மூன்று நாளில் என்று ஒருவரும் பத்து நாளில் என்று மற்றொருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க பையர்களுக்கு எழுதும்போது மாதத்தை எண்ணால் குறிப்பதே இல்லை. 05/04 என்பது நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு மே 4.

அட்டைப்பெட்டி தயாரிப்பாளர், கோயம்புத்தூர்:

மேலே எழுதிய சகோதரிக்கு அவசரம் இடறியது. எனக்கு மரியாதை இடறியது. பல ஆண்டுகளாக நான் எழுதிய வசூல் கடிதங்கள், “தங்கள் மேலான கவனத்திற்கு; மேற்படி நிலுவைத் தொகையை விரைந்து வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்ற வகையிலேயே இருந்தன. அதற்கு வரும் பதிலும், “பரிசீலனையில் உள்ளது, விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்” என்றே இருக்கும். யார் எடுப்பார், என்றைக்கு எடுப்பார் என்று அந்த வாக்கியத்தைக் கேட்கவே முடியாது. ‘படும்’ என்று முடித்துவிட்டால் ஆளே மறைந்துவிடுகிறார்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். இதை என் ஆடிட்டர் எடுத்துச் சொன்ன பிறகு கடிதத்தை மாற்றினேன்: “மார்ச் 3 அன்று உங்கள் கிடங்கில் 4,000 பெட்டிகளை இறக்கினோம். ரூ.1,84,000 வர வேண்டும். 45ஆம் நாளான ஏப்ரல் 17க்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பெட்டிகளில் குறை இருந்தால் இந்த வாரமே எழுதித் தெரிவியுங்கள்.” இதைத் தட்டச்சு செய்தபோது, வாடிக்கையாளரை அதட்டுவதாகிவிடுமோ என்று கை தயங்கியது. ஆனால் கடிதம் போன மறுநாளே அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து பேசினார்கள்: “அண்ணா, எந்த பில்லுன்னு இப்பத்தான் தெளிவாத் தெரிஞ்சுது.” இத்தனை நாளும் ‘மேற்படி’ எது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

தையல் யூனிட் நடத்துபவர், ஈரோடு:

என் அனுபவம் கடனைப் பற்றியது. முன்பு மெஷின் வாங்கக் கடன் எடுத்தபோது, வட்டி விகிதம் ஒன்றைத்தான் வாயால் சொன்னார்கள். கட்டணங்களைப் பிடித்துக்கொண்டு மீதி கணக்கில் ஏறியபோதுதான் குறைவு தெரிந்தது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் சில்லறைக் கடன்களுக்கும், எங்களைப் போன்ற சிறு தொழில் கடன்களுக்கும், முக்கிய விவரங்களைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலேயே தனித் தாளில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இந்த முறை கடன் எடுக்கப் போனபோது அந்தத் தாளைத் தமிழில் கேட்டேன். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் தனி வரியில் இருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, கடன் தொகையைக் குறைத்துக்கொண்டு ஒரு மெஷினுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன்.