சைடு பேங்ஸ் படியவே மாட்டேன் என்கிறது, வெள்ளிக்கிழமை கல்யாணம், யாராவது சொல்லுங்களேன்

மல்லிமொட்டு · ஞாயிறு, இரவு 11:42
நேற்று பார்லரில் சைடு பேங்ஸ், அதுதான் நெற்றியில் சாய்வாக விழும் முன்முடி, வெட்டிக்கொண்டேன். அங்கே அழகாகத்தான் இருந்தது, செல்ஃபி எல்லாம் எடுத்தேன். இன்று தலைக்குக் குளித்ததும் பிளந்துகொண்டு ஒரு கொத்து மட்டும் ஆண்டெனா மாதிரி நிற்கிறது, மிச்சம் கண்ணுக்குள் வருகிறது. அயர்ன் பண்ணிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் பழையபடி. என் முகத்துக்கு இது ஒத்துவரவில்லையா, இல்லை வெட்டியதே தப்பா? வெள்ளிக்கிழமை அண்ணன் கல்யாணம். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறாள். சீக்கிரம் ப்ளீஸ்.

கத்தரிப்பூ · ஞாயிறு, இரவு 11:58
வகிடு எந்தப் பக்கம்? நேர் முடியா, சுருளா? ஈரத்தில் வெட்டினார்களா, காயவைத்தா? எதுவரை நீளம்? எந்த ஊர்? ஒன்றுமே சொல்லாமல் "என் முகத்துக்கு" என்றால் உங்கள் முகம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

உப்புத்தண்ணி · திங்கள், காலை 6:10
தண்ணீர்தான். சந்தேகமே வேண்டாம். போர் தண்ணீரில் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரிதான் நிற்கும். இரண்டு குடம் கேன் தண்ணீரில் கடைசியாக அலசிப் பாருங்கள், அப்புறம் வந்து நன்றி சொல்லுங்கள்.

முடிவாத்தியார் · திங்கள், காலை 8:31
இதே கேள்விக்கு நான் பல தடவை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. வெட்டுவதற்கு முன்னால் முகத்தை அளக்க வேண்டும். ஒரு டேப் எடுத்து நெற்றி அகலம், கன்ன எலும்பின் அகலம், தாடை, நெற்றி மேலிருந்து மோவாய் வரை நீளம், நான்கையும் எழுதுங்கள். அகலமும் நீளமும் ஏறக்குறைய ஒன்று என்றால் வட்ட முகம். அதற்குக் கன்ன எலும்புக்குக் கீழே இறங்குகிற மாதிரி நீளமான, சாய்ந்த பேங்ஸ்தான் சரி, கன்னத்தின் நடுவிலேயே நின்றால் முகம் இன்னும் உப்பித் தெரியும். நீள முகத்துக்குச் சற்று அடர்த்தியாக, புருவத்தை ஒட்டி. சதுர முகத்துக்கு முனை தாடையில் போய் முடியக் கூடாது. நெற்றி அகலமாகவும் மோவாய் கூராகவும் இருப்பவர்களுக்குத்தான் சைடு பேங்ஸ் உண்மையில் பிறந்தது. இது எதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்தால் இப்படித்தான்.

டப்பாகடைசி · திங்கள், காலை 8:50
வாத்தியாரே, அந்தப் பிள்ளை படியவில்லை என்கிறது, நீங்கள் டேப்போடு தையல்காரர் மாதிரி நிற்கிறீர்கள்.

முடிவாத்தியார் · திங்கள், காலை 8:57
அடிப்படை தெரியாதவர்கள் சிரிக்கலாம், தப்பில்லை.

மல்லிமொட்டு · திங்கள், மதியம் 1:20
சாரி, வீட்டில் பந்தக்கால் வேலை. நேர் முடிதான், லேசாக அலை இருக்கும். வெட்டியது பெங்களூரில், அன்று ராத்திரியே பஸ் ஏறித் தூத்துக்குடி வந்துவிட்டேன். நுனி மூக்கு வரை வருகிறது. முகம் வட்டம் என்பாள் அம்மா, பூசணிக்காய் என்பான் அண்ணன். டேப் எல்லாம் இப்போது தேட முடியாது.

உப்புத்தண்ணி · திங்கள், மதியம் 1:24
பார்த்தீர்களா! தண்ணீர் மாறியிருக்கிறது!!

கத்தரிப்பூ · திங்கள், மதியம் 2:05
தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்றால் மொத்த முடியும் சொரசொரப்பாகும், ஒரே ஒரு கொத்து மட்டும் எழுந்து நிற்காது. அது வேறு விஷயம். வகிடு கேட்டேன், இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று, நெற்றி ஓரத்தில் சுழி இருக்கிறதா? உச்சியில் இருக்குமே, அந்தச் சுழி இல்லை, முன்பக்கம். சோதிப்பது சுலபம். முன் முடியை வேர்வரை நனைத்து, சீப்பால் நேராகப் பின்னால் வாரிவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து ஒரு உலுக்கு. எங்கே பிளந்து எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். முடி தானாக விழும் பக்கம்தான் அதன் பக்கம்.

யாழ்நிலா · திங்கள், மதியம் 3:40
தங்கச்சி, எனக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது. என்ர தலைமயிர் நெற்றிக்கு மேல வலப்பக்கம் திரும்பித்தான் முளைக்கும், அது தெரியாமல் மற்றப் பக்கம் இழுத்து வெட்டிப்போட்டு மூன்று மாதம் கிளிப்போடு திரிஞ்சனான். பயப்படாதேங்கோ. வகிட்டை மற்றப் பக்கம் மாத்திப் பாருங்கோ, பாதி வேலை முடிஞ்சிடும்.

வெண்டைக்காய் · திங்கள், மாலை 4:02
கொஞ்சம் நல்ல வார்த்தை பயன்படுத்தலாமே. பெண்கள் படிக்கிற இடம்.

யாழ்நிலா · திங்கள், மாலை 4:15
எது? தலைமயிரா? எங்கட ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவினம், டீச்சரும் சொல்லுவா, டொக்டரும் சொல்லுவார். உங்கட ஊரில் அதைத் திட்டாக்கி வைச்சது நீங்கள், நான் இல்லை.

டப்பாகடைசி · திங்கள், மாலை 4:21
அக்கா சொல்வது சரி. பழைய இலக்கியத்தில் எல்லாம் மயிர்தான். நாம்தான் அதைக் கெட்ட வார்த்தை ஆக்கிவிட்டு, "முடி"யைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டோம்.

முடிவாத்தியார் · திங்கள், மாலை 4:44
பேச்சு வந்ததால் சொல்கிறேன். பேங்ஸ் என்பதே தேவையில்லை. "அளகம்" என்று அழகான சொல் இருக்கிறது. பெண்கள் கூந்தலை முடிக்கும் விதத்தை ஐம்பால் என்று ஐந்தாகவே பிரித்தார்கள் நம்மவர்கள்: முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை.

வெண்டைக்காய் · திங்கள், மாலை 4:50
பார்லரில் போய் "எனக்கு அளகம் வெட்டுங்கள்" என்று கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள் சார். என்னத்தை வெட்டி அனுப்புகிறார்கள் பார்ப்போம்.

திருச்சி_பாட்டி · திங்கள், மாலை 5:30
இவ்வளவு எதற்கு? எங்கள் காலத்தில் இதற்குப் பெயர் சாதனா கட். இந்தி நடிகை சாதனாவுக்கு நெற்றி அகலம், அதை மறைக்க முன்முடியை வெட்டிவிட்டு 1960இல் ஒரு படத்தில் நடிக்கவைத்தார்கள், அப்புறம் ஊர் ஊராக அந்த வெட்டுத்தான். ஆனால் அது நேராக நெற்றியில் விழும், சாய்வு இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது வீட்டுக்குத் தெரியாமல் வெட்டிக்கொண்டு வந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, விளக்கெண்ணெய் ஒரு கை எடுத்து வழித்து, பின்னால் இழுத்து, இரண்டு பக்கமும் ஊசி குத்திவிட்டாள். மூன்று மாதம் அதே கோலம். எண்ணெய் வை கண்ணு, படியும்.

கத்தரிப்பூ · திங்கள், மாலை 5:41
பாட்டி, கதை அருமை, ஆனால் பேங்ஸில் எண்ணெய் மட்டும் வேண்டாம். நெற்றி வியர்வையே போதும் அதைக் கயிறு கயிறாகத் திரிக்க. மேக்கப்பும் வழியும், முகத்தில் பருவும் வரும்.

திருச்சி_பாட்டி · திங்கள், மாலை 5:48
எனக்கு 71 வயது, முடி இன்னும் இடுப்பு வரை இருக்கிறது. சும்மா ஒரு தகவல்.

மல்லிமொட்டு · செவ்வாய், காலை 7:15
சோதித்துப் பார்த்தேன்!! இடது புருவத்துக்கு மேலே சுழி இருக்கிறது, இத்தனை வருடம் எனக்கே தெரியாது. நடு வகிடு எடுத்துப் பின்னிவிடுவதால் தெரியவில்லை போல. முடி தானாக இடது பக்கம்தான் போகிறது. பார்லரில் இடது பக்கம் வகிடு எடுத்து வலது பக்கம் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். இப்போது என்ன பண்ணுவது?

பழைய_கத்தரிக்கோல் · செவ்வாய், காலை 9:40
பதினோரு வருடம் பார்லரில் வேலை பார்த்தவள், இப்போது வீட்டில். முழுசாகச் சொல்கிறேன்.

வெட்டியது மோசம் இல்லை, பக்கம்தான் தப்பு. வேரில் முடி எந்தத் திசையில் முளைக்கிறதோ அதைக் கத்தரிக்கோலால் மாற்ற முடியாது. நீளமாக இருந்தால் கனத்தில் கொஞ்சம் அடங்கும், குட்டையானால் எழுந்துவிடும். அன்றைக்கு அழகாக இருந்ததற்குக் காரணம், ஈரமாக வெட்டி, பிரஷ் போட்டு இழுத்துக் காயவைத்து அனுப்பியிருப்பார்கள். முடி நனையும்போது உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும், காயும்போது எந்த வடிவில் பிடித்திருக்கிறோமோ அந்த வடிவில் மறுபடி இறுகும். காற்றில் ஈரம் அதிகமானாலும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். பெங்களூர்க் காற்றும் தூத்துக்குடிக் கடல் காற்றும் ஒன்றா? ஆகவே தண்ணீர் என்று சொன்னவர் கால்வாசி சரி, குழாய்த் தண்ணீர் இல்லை, காற்றில் இருக்கும் தண்ணீர்.

வகிட்டை வலது புருவத்தின் வளைவுக்கு நேராக எடுங்கள். பேங்ஸை இடது பக்கம் விடுங்கள், சுழி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே. ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சைடு பேங்ஸில் வகிட்டை ஒட்டி இருப்பது குட்டை, தள்ளிப் போகப் போக நீளம். பக்கம் மாற்றினால் நீளமான பாகம் வகிட்டுப் பக்கம் வந்துவிடும். அதை வெட்டிச் சரிசெய்யப் போகாதீர்கள், கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கத்தரிக்கோல் பக்கமே போகக் கூடாது. அந்த நீள முடியைப் பின்னலோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள், வெளியே தெரியாது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும், அதனால் வடிவத்தை இரண்டு மாதம் கழித்துத் திருத்திக்கொள்ளலாம்.

காயவைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குளித்துவிட்டு வந்து துண்டு கட்டிக்கொண்டு காபி குடித்தால் முடிந்தது கதை, வேர் காய்ந்துவிடும், அப்புறம் அயர்ன் வைத்தாலும் நுனிதான் கேட்கும், வேர் கேட்காது. உங்களுக்கு நடந்தது அதுதான். தலை முழுக்க ஈரமாக இருந்தாலும் பேங்ஸை முதலில் காயவையுங்கள். டிரையர் மூக்கு மேலிருந்து கீழே பார்க்கட்டும், சூடு நடுத்தரம். பட்டை பிரஷ்ஷால் நெற்றியோடு அழுத்தி ஒருமுறை இடது பக்கம், ஒருமுறை வலது பக்கம், மாற்றி மாற்றி வாரிக்கொண்டே காற்று விடுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் வேருக்கு எந்தப் பக்கம் போவது என்ற பிடிவாதம் அப்படித்தான் போகும். முக்கால்வாசி காய்ந்ததும் இடது பக்கம் விட்டு, கடைசி அரை நிமிடம் குளிர்ந்த காற்று. ஆறும்வரை கை வைக்காதீர்கள். உருண்டை பிரஷ் வேண்டாம், சுருட்டி விட்டால் பால்கோவா உருளை மாதிரி நெற்றியில் நிற்கும். சீரம் போட்டால் நுனியில் மட்டும், அதுவும் துளி.

நாளைக்கே ஒத்திகை பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை மூன்று மணிக்கு முதல் தடவை செய்து பார்க்காதீர்கள்.

முடிவாத்தியார் · செவ்வாய், காலை 10:12
நான் சொன்னதைத்தான் இவரும் வேறு வார்த்தையில் சொல்கிறார்.

டப்பாகடைசி · செவ்வாய், காலை 10:13
எங்கே சார்? டேப்பில் சுழி தெரியுமா?

கத்தரிப்பூ · செவ்வாய், காலை 10:30
ஒரு விஷயம். மாப்பிள்ளையின் தங்கைதானே நீங்கள்? நாத்தனார் முடிச்சு நீங்கள்தான் போடுவீர்கள். மணப்பெண்ணின் பின்னால் குனிந்து, ஹோமப் புகைக்கு நடுவில், எல்லாக் கேமராவும் உங்கள் கையில் இருக்கும்போது பேங்ஸ் கண்ணில் விழுந்தால் ஒதுக்கிவிடக் கை இருக்காது. நெற்றிச்சுட்டி வைக்கிறீர்களா?

மல்லிமொட்டு · செவ்வாய், மதியம் 12:02
ஐயோ, அதை யோசிக்கவே இல்லை. சுட்டி அம்மா வாங்கி வைத்திருக்கிறாள், ஆனால் அது நடு வகிட்டில்தானே வைப்பது?

பழைய_கத்தரிக்கோல் · செவ்வாய், மதியம் 12:25
கோண வகிட்டிலும் வைக்கலாம். சங்கிலியை வகிட்டோடு விடாமல் உச்சியில் கொக்கி மாட்டி நடு நெற்றிக்கே கொண்டுவாருங்கள், அது பேங்ஸின் வேர்மேல் படுத்து அந்த ஆண்டெனாவை அழுத்திப் பிடிக்கும். சங்கிலிக்கு அடியில் இரண்டு கருப்பு ஹேர்பின்களைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகக் குத்துங்கள், ஒன்று மட்டும் குத்தினால் நழுவும். நுனியை இடது காதுக்குப் பின்னால் ஒரு பின் வைத்து மடக்கிவிடுங்கள். முடிச்சு போட்டு முடித்ததும் எடுத்துவிட்டால் போட்டோவுக்குப் பேங்ஸ் வந்துவிடும்.

உப்புத்தண்ணி · செவ்வாய், மதியம் 12:40
எதற்கும் கேன் தண்ணீரில் அலசுங்கள்.

யாழ்நிலா · புதன், காலை 8:05
என்ன பிள்ளை, ஒத்திகை பார்த்தீங்களோ?

யாழ்நிலா · வியாழன், இரவு 9:15
சத்தமே இல்லை. கல்யாண வீடு, விடுவம்.

மல்லிமொட்டு · ஞாயிறு, மாலை 6:48
எல்லாருக்கும் நன்றி. வலது வகிடு எடுத்து, சொன்ன மாதிரி மாற்றி மாற்றிக் காயவைத்தேன், படிந்தது. சுட்டி சங்கிலியும் வேலை செய்தது. மூன்றாவது முடிச்சு போடும்போது ஒரு கொத்து நழுவிக் கண்ணில் விழுந்தது, பின்னாலிருந்து பெரியம்மா தன் கொண்டையிலிருந்தே ஒரு ஊசி உருவிக் குத்திவிட்டாள். வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. ராத்திரி பஸ், அப்புறம் வருகிறேன்.

கத்தரிப்பூ · ஞாயிறு, மாலை 7:02
போட்டோ?

உப்புத்தண்ணி · ஞாயிறு, மாலை 7:10
எந்தத் தண்ணீரில் குளித்தீர்கள்?

நெல்லிமரம் · 5 வாரம் கழித்து
இழையைப் படித்தேன், எனக்கும் அதே மாதிரிதான், ஆனால் எனக்கு இரண்டு சுழி, இரண்டு பக்கமும் ஒன்று. எந்தப் பக்கம் வெட்டுவது? அவசரம்.

முடிவாத்தியார் · 5 வாரம் கழித்து
புது இழை தொடங்குங்கள். முக அளவோடு.