மச்சில் வைஃபை தடுமாறுகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் எங்களுடையது பழைய காரை வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். கீழே பட்டாசலில் (கூடத்தில்) ரவுட்டர், மச்சில், அதாவது மாடியில், வைஃபையை அங்கே பரப்ப ஒரு ஆக்சஸ் பாயிண்ட். இரண்டுக்கும் நடுவே கேபிள் இல்லை, வயர்லெஸ் இணைப்புதான்.

தங்கச்சி மச்சில் இருந்துதான் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். நேற்று சாயங்காலம் மீட்டிங்கில் திரையில் இருந்த எல்லா முகமும் அப்படியே உறைந்துவிட்டது. இவள் மட்டும் "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரம் ஆகிற நேரம், பாவமாக இருக்கிறது.

நெட் லைனில் கோளாறு இல்லை என்றே நினைக்கிறேன். லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி ரவுட்டருக்கே பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால் 1 மில்லிசெகண்ட். மச்சில் வைஃபையில் அதே ரவுட்டருக்கு 8-ல் தொடங்கி 600 வரை ஏறுகிறது, நடுநடுவே பாக்கெட்டும் (அனுப்பும் தகவல் துண்டு) தொலைகிறது. ஆனால் போனில் சிக்னல் கோடு முழுசாகத்தான் இருக்கிறது! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலை 6-லிருந்து 11-க்கு மாற்றினேன், சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்குக் குறைத்தேன். காலையில் சரி, சாயங்காலம் பழையபடிதான். 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை.

ரவுட்டரிலிருந்து மச்சுக்கு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்தால் தீருமா? அதற்கு முன் பார்க்க வேண்டிய செட்டிங் ஏதும் உண்டா? அப்பா சுவரில் துளை போட யோசிக்கிறார். அப்புறம், காரை வீட்டில் கேபிள் இழுத்தவர்கள் எந்த வழியாகக் கொண்டுபோனீர்கள் என்றும் சொல்லுங்கள்.