குற்றவியல் மாணவி, களப்பயிற்சிக்கு இடம் தேடுகிறேன்

வணக்கம். சென்னையில் பி.ஏ. குற்றவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதத்துக்குள் 30 நாள் களப்பயிற்சி முடிக்க வேண்டும். இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஜனவரியில் ஒரு சிறை அலுவலகத்தில் கல்லூரிக் கடிதத்தை நேரில் கொடுத்தேன். தபால் பிரிவில் ஊதா முத்திரை குத்தித் தந்த நகல்தான் கையில் இருக்கிறது; மூன்று முறை நடந்தும் பதில் இல்லை. நான்கு தொண்டு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்று மட்டும் பதில் சொன்னது: சட்டம் படிப்பவர்களைத்தான் எடுப்பார்களாம். 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தையும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தையும் நாங்களும் வரி வரியாகத்தான் படிக்கிறோம்.

அப்பா காவல் துறைத் தேர்வு எழுதச் சொல்கிறார். எனக்கு நன்னடத்தை அலுவலர் (சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையுடன் விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவர்) வேலையில்தான் மனம் நிற்கிறது. பயிற்சிக்கு ஊதியம் வேண்டாம்.

சென்னையில் ஒரு நன்னடத்தை அலுவலரிடம் பயிற்சி பெற, விண்ணப்பத்தை எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும்?