கெர்ட்ரூடுக்குக் கொலை தெரியுமா?

அரங்கப்பித்தன்:
ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், நாயகன் ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூடை அப்பாவியாகக் காட்டும் விளக்கங்களை என்னால் ஏற்க இயலவில்லை. கணவன் இறந்து இரண்டு மாதம்கூட நிறைவதற்குள், அவனைக் கொன்ற தம்பி கிளாடியஸையே மணந்தவள் அவள். மகனுடைய பித்துக்குக் காரணம் தேடி, அரசனாகிவிட்ட கிளாடியஸும் அமைச்சன் பொலோனியஸும் அலைந்துகொண்டிருக்கையில், தந்தையின் சாவும் நம்முடைய அவசரக் கல்யாணமும்தான் காரணம் என்று இரண்டாம் அங்கத்திலேயே பளிச்சென்று சொல்லிவிடுகிறாள். இத்தனை கூர்மையுள்ளவளுக்குக் கொலை மட்டும் கண்ணில் படவில்லையா?

ஏட்டுப்பிரதி:
நண்பரே, அவசரமாக மணந்தவள் என்பதிலிருந்து கொலைக்கு உடந்தை என்பதற்கு ஒரே தாவாகத் தாவுகிறீர்கள். கொன்றவன் யார் என்பதை அவ்வளவு விரிவாகச் சொல்லும் தந்தையின் ஆவி, அவளுடைய கற்பைப் பழித்தாலும் கொலையில் அவளுக்குப் பங்கு உண்டு என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவளை வானத்தின் தீர்ப்புக்கு விட்டுவிடு என்றே மகனிடம் கேட்டுக்கொள்கிறது. மேலும், 1603இல் அச்சான முதல் பதிப்பில், அக்கொடிய கொலையை நான் அறியவே இல்லை என்று சத்தியம் செய்து, பழிவாங்க மகனுக்குத் துணை நிற்பதாகவும் அவள் வாக்களிக்கிறாள்.

அரங்கப்பித்தன்:
அந்த முதல் பதிப்பு சிதைந்த பாடம் என்று கருதும் அறிஞர்கள் பலர். நாம் வழக்கமாகப் படிக்கும் நாடகத்துக்கு அடிப்படையான 1604-05, 1623 பதிப்புகளில் அந்தச் சத்தியம் இல்லை. தமக்கு வேண்டிய வரியை வேறொரு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்வது வக்கீல் வேலை, விமரிசனம் ஆகாது.

மேடைக்காரி:
கல்லூரி நாளில் அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தாயின் அறையில் பொலோனியஸைக் குத்திவிட்ட ஹாம்லெட், அரசனைக் கொன்று அவன் தம்பியை மணப்பதற்கு ஏறக்குறைய நிகரான கொடுமைதான் இது, அம்மா என்கிறான். அதற்கு அவள் தரும் மறுமொழி "அரசனைக் கொல்வதா?" என்பது மட்டுமே. ஒத்திகையில் அதை ஒருநாள் திகைப்பாகவும் மறுநாள் மாட்டிக்கொண்ட அச்சமாகவும் சொல்லிப் பார்த்தேன். திகைப்பாகச் சொன்னபோதுதான் அதற்கடுத்த வசனங்கள் தடையின்றி வந்தன. 1904இல் விமரிசகர் பிராட்லி அவளை வெயில் காயும் ஆட்டுக்கு ஒப்பிட்டு மந்தமானவள் என்று ஒதுக்கியதும், 1957இல் கேரலின் ஹைல்பிரன் அதை மறுத்து, சுருங்கப் பேசும் அறிவுடையவள் என்று நிறுவ முயன்றதும் இத்தகைய சின்னஞ்சிறு வரிகளை வைத்துத்தான். ஹைல்பிரனே எனக்கு ஏற்புடையவர். ஆயினும் கூரிய அறிவு இருப்பது கொலையை அறிந்திருந்ததற்குச் சான்றாகாது.

ஏட்டுப்பிரதி:
தான் உண்மையில் பித்தன் அல்லன், நடிக்கிறேன் என்று மகன் சொன்னதையும் அவள் அரசனிடம் மறைத்துவிடுகிறாள். கடலும் காற்றும் மோதுவதுபோல் வெறிகொண்டிருக்கிறான் என்றுதான் சொல்கிறாள். அந்தப் பொய் மகனுக்காகச் சொன்ன பொய்.

அரங்கப்பித்தன்:
அதை ஒப்புக்கொள்கிறேன், கொலையை முன்பே அறிந்திருந்தாள் என்ற வாதத்தையும் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். பொலோனியஸின் மகன் லேயர்ட்டீஸ் கும்பலோடு அரண்மனைக்குள் புகுந்து, என் தந்தை எங்கே என்று உறுமுகிறான். இறந்துவிட்டார் என்று அரசன் சொல்லி வாய்மூடுவதற்குள், "ஆனால் இவரால் அல்ல" என்று முந்திக்கொள்கிறவள் கெர்ட்ரூட். அறையில் மகன் அத்தனையும் சொல்லிக் கேட்ட பின்னர் அவள் வாயிலிருந்து வரும் சொல் அது.

மேடைக்காரி:
எனக்கும் அந்த வரிதான் கடைசிவரை பிடிபடவில்லை.