பனியள்ளியா, மடக்கு மண்வெட்டியா: காரின் அவசரப் பையில் வைக்கும் ஒரு கருவிக்கான சொல்

அன்புடையீர், வணக்கம்.

குளிர்காலத்தில் காரில் வைத்திருக்க வேண்டிய அவசரப் பையைப் பற்றி நாம் எழுதிவரும் துண்டறிக்கையில் போர்வை, கைவிளக்கு, மணல், உலர் உணவு எல்லாம் தடையின்றித் தமிழில் அமர்ந்துவிட்டன. பனியை அள்ளும் சிறிய சவல் (shovel) ஒன்றுதான் இரண்டு வாரமாக நம்மை நிறுத்திவைத்திருக்கிறது. 'மடக்கு மண்வெட்டி', 'கையடக்க மண்வெட்டி', 'சவல்' என்று மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. முதல் இரண்டிலும் அடைமொழியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கோ 'மண்வெட்டி' என்ற தலைச்சொல்லிலேயே உடன்பாடில்லை.

மண்வெட்டியின் தகடு காம்புக்குக் குறுக்காக, ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்கும். அதை ஓங்கி நிலத்தில் இறக்கி, மண்ணை நம் பக்கமாக இழுக்கிறோம். சவலின் தகடோ காம்பின் போக்கிலேயே நீண்டிருப்பதால், அதை முன்னோக்கிச் செலுத்தி, ஏந்தித் தூக்கி, அப்பால் எறிகிறோம். கைக்கு வரும் அசைவே நேரெதிரானது. யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவரான என் மாமாவிடம் துண்டறிக்கையின் முதல் வரைவை வாசித்துக் காட்டியபோது, அவர் இடைமறித்து, "மண்வெட்டியாலை ஸ்நோவைக் கொத்தவோ சொல்லுறாய்?" என்று கேட்டார். இந்தத் துண்டறிக்கையை வாசிக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் அவரைப் போன்றவர்களே. அவர்களுக்கு மண்வெட்டி என்பது அகராதிச் சொல் அல்ல, பல ஆண்டுகள் கையில் பிடித்த கருவி. அந்தச் சொல்லைக் கண்டால் அவர்கள் மனத்தில் எழும் உருவம் தெளிவானது, நமக்கோ தவறானது.

காரில் இருக்கும் இக்கருவி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்தே சொல் பிறக்கவேண்டும் என்று நினைக்கிறேன். 2010 டிசம்பரில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சார்னியாவுக்கு அருகே 402ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் வாகனங்களோடு பனியில் அகப்பட்டதும், அவர்களை மீட்கப் படைத்துறை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்படி அகப்பட்ட ஒருவர், குளிர் தாங்க இயந்திரத்தை இயக்குவதற்கு முன்னர், காரின் பின்புறம் சென்று புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றவேண்டும். குழாய் அடைபட்டிருந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகுந்து, உள்ளிருப்பவர் அறியாமலே உயிரைக் குடித்துவிடும். அதன் பின்னரே சக்கரங்களின் முன்னும் பின்னும் உள்ள பனி. இவ்விரண்டு வேலைகளிலும் பனிக்கட்டியைச் சற்றே உடைக்க நேர்ந்தாலும், பெரும்பகுதி அள்ளி அப்பால் போடுவதுதான். கனடிய நடுவணரசின் பிரெஞ்சு அறிவுறுத்தல்களும் இக்கருவியைப் 'பெல்' என்றே குறிக்கின்றன. அம்மொழியில் நிலத்தைக் கிளறும் கருவிக்குப் 'பெஷ்' என்ற வேறு சொல் இருந்தும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே வினைகளைத் தேடினேன். தோண்டு என்பதிலிருந்து வரும் 'தோண்டி' நீர் முகக்கும் கலம். அகழ் என்பதிலிருந்து வரும் 'அகழி' கோட்டையைச் சுற்றியது. 'வாரி' கடலுக்கும் வருவாய்க்கும் உரியது. 'முகவை' என்றால் தமிழ்நாட்டு வாசகருக்கு இராமநாதபுரம் நினைவுக்கு வரும். எஞ்சியது அள்ளு. துருவு என்பது துருவியாகவும் வடிகட்டு என்பது வடிகட்டியாகவும் ஆனதுபோல அள்ளு என்பது 'அள்ளி' ஆகும். தனியே நின்றால் அது வினையெச்சமாகவே ஒலிக்கிறது என்பது மெய்தான். ஆனால் மண்வெட்டியே மண்ணையும் வெட்டுதலையும் சேர்த்துக் கட்டிய சொல்லாயிற்றே; 'வெட்டி' என்ற தனிச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது அக்கூட்டுச்சொல்லுக்கு இடையூறு செய்யவில்லை. அதே அச்சில் முதலில் 'மண்ணள்ளி' என்று எழுதிப் பார்த்தேன். மண்ணை அள்ளித் தூற்றிச் சாபமிடும் வழக்கம் உடனே காதில் விழுந்ததால், உயிர் காக்கும் கருவிக்கு அந்தப் பெயர் ஆகாது என்று விட்டுவிட்டேன். 'பனியள்ளி' என்பதில் அந்த நிழல் இல்லை. வாயில் எளிதாக வருகிறது, முதன்முறை கேட்பவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

'மடக்கு மண்வெட்டி' என்று முன்மொழிந்த ஐயா அவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. அவர் மனத்தில் இருப்பது படைவீரர் இடுப்பில் தொங்கும் கருவி. டென்மார்க்கின் படை அதிகாரி லினமன் 1869இல் காப்புரிமை பெற்ற சிறு சவலிலிருந்து அந்த மரபு தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு வந்த 1943ஆம் ஆண்டு வடிவத்தில், தகட்டைச் செங்கோணத்தில் திருப்பி மரையால் இறுக்கிக்கொள்ளலாம். அந்நிலையில் அது ஐயமற மண்வெட்டிதான். பனிச்சரிவு மீட்புக்கான இன்றைய கருவிகள் சிலவற்றிலும் தகட்டைக் குறுக்காகப் பூட்டி இழுக்கும் வசதி இருக்கிறது, ஏனெனில் புதைந்தவரைத் தோண்டும்போது பின்னால் நிற்பவர்கள் பனியைத் தங்கள் பக்கமாக இழுத்துக் கீழே தள்ளவேண்டியிருக்கும். ஆதலால் படைக்கருவிக்கு 'மடக்கு மண்வெட்டி' என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள். ஆனால் நம் துண்டறிக்கைக்கு அது பொருந்தாது. அக்கருவியின் தகடு சிறியது, காம்பு குட்டையானது. காரைச் சுற்றிக் குவிந்த பனியை அதனால் அகற்ற முழந்தாளிட்டு நெடுநேரம் உழைக்கவேண்டும்.

இனி அடைமொழி. 'கையடக்கம்' தொலைபேசிக்குப் பொருந்தும், முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட ஒன்றுக்குப் பொருந்தாது. 'அடக்க' என்று சுருக்கினால், குழி தோண்டும் கருவியின் பக்கத்தில் நல்லடக்கம் வந்து நிற்கிறது. 'குறும்பனியள்ளி' என்றால் குறும்பனியை அள்ளுவதா, குறுகிய பனியள்ளியா என்று தெரியவில்லை. 'மடக்கு' என்பதும் எல்லாவற்றுக்கும் உண்மையாகாது, ஏனெனில் கடைகளில் கிடைப்பவற்றுள் சில கீலில் மடங்குகின்றன, சில ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களாக நீள்கின்றன, சில காம்பும் தகடும் தனித்தனியே கழல்கின்றன. நாம் பரிந்துரைக்கவேண்டியதோ நீளும் வகையை. நின்றபடி வேலைசெய்ய முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. எனவே இயங்கும் முறையை விட்டு, இருக்கும் இடத்தால் பெயரிடலாம்: வீட்டு வாசலில் சாத்திவைப்பது வீட்டுப் பனியள்ளி, காரில் இருப்பது கார்ப் பனியள்ளி. மக்கள் இயல்பாகவே இவ்வாறுதான் பிரித்துப் பேசுகிறார்கள்.

'சவல்' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றவர்களின் கருத்தையும் நான் தள்ளவில்லை. அலவாங்கு (கடப்பாரை) என்ற சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சவலும் அப்படி ஆகலாம். முதல் வரியில் அதைத் துணையாக நிறுத்துவோம். துண்டறிக்கைக்கு நான் முன்வைக்கும் வாசகம் இது:

"கார்ப் பனியள்ளி ஒன்று, அதாவது சிறிய சவல். தகடு அலுமினியமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கடுங்குளிரில் நொறுங்கக்கூடும், சாலையில் பனி அகற்றும் வண்டி தள்ளிவிட்ட இறுகிய பனியில் வளையும். காம்பு நீளக்கூடியதாகவும், தடித்த கையுறையோடு பிடிக்க வளையப் பிடி உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். பின்பெட்டியின் மூடி உறைந்து திறக்காமல் போகலாம் என்பதால், பனியள்ளியை இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். சிக்கிக்கொண்டால் முதலில் புகைபோக்கிக் குழாயைச் சுற்றி அள்ளுங்கள்."