சட்டைப்பைக்கு ஒரு பேனாக்கத்தி: உப்புக்காற்று ஊரில் எதை வாங்கலாம்?

முத்தியால்பேட்டை:
எப்போதும் கூடவே இருக்க ஒரு சின்ன மடக்குக்கத்தி வேண்டும். வேலை இவ்வளவுதான்: பார்சல் டேப் கிழிப்பது, கொய்யா, மாங்காய் நறுக்குவது, சணல், நைலான் கயிறு அறுப்பது, ஒயர் தோல் சீவுவது. வீட்டுக்கும் கடலுக்கும் அரை கிலோமீட்டர்கூட இல்லை. கதவுக் கீலே ரெண்டு வருஷம் தாங்காத இடம். எந்த ஸ்டீல், எவ்வளவு நீளம், லாக் தேவையா? கையாண்டு பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

முதுநகர் மெக்கானிக்:
தம்பி, ஸ்டீல் பேரைக் கடைசியில் பார்த்துக்கலாம். எந்தப் பையில் போடப்போறீங்க என்பதை முதலில் முடிவு பண்ணுங்க. நம்ம பக்கம் பாதி நேரம் கைலி, வேட்டி. அப்போ கத்தி சட்டைப்பைக்குத்தான் போகும். 50 கிராமைத் தாண்டினால் சட்டை ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கும், மோட்டார் சுவிட்சைப் போடக் குனிந்தால் கத்தி நேராகக் கிணற்றுக்குள்.

சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸில் 58 மி.மீ. கிளாசிக் 20 கிராம் சொச்சம் (மி.மீ. கணக்கு மடக்கிய நீளம்). சாவிக்கொத்தில் கோத்துக்கலாம், ஆனால் அலகு விரல் நுனி அளவுதான், மாங்காயைக் குறுக்கே வெட்ட எட்டாது. 84 மி.மீ. கேடட், அலுமினியப் பிடி, 46 கிராம். தட்டையாக இருக்கும், சட்டைப்பையில் பேனா மாதிரி உட்கார்ந்துக்கும். 91 மி.மீ. சிவப்புப் பிடி ஸ்பார்ட்டன் 60 கிராம் பக்கம் வரும். அது பேன்ட் போடுகிறவருக்கு. நீங்க சொன்ன வேலைகளுக்குக் கேடட் அளவு போதும். ஆறு, ஆறரை சென்டிமீட்டர் அலகில் ஆகாத வேலை வந்தால், அது அருவாளுக்கோ அரிவாள்மணைக்கோ உரிய வேலை.

லாக் பற்றி. லாக் இல்லாத கத்தியில் அலகை நிறுத்தி வைப்பது முதுகில் இருக்கும் ஸ்பிரிங் மட்டும். அறுக்கும்போது விசை கூர்ப்பக்கத்திலிருந்து வரும். அது அலகை இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மடக்காது. முனையால் குத்தும்போதும், சிக்கிய அலகைப் பிடுங்கும்போதும்தான் விசை முதுகுப் பக்கம் திரும்பும். விரல் அறுபடுவதெல்லாம் அங்கேதான். ஓட்டை போடணும் என்றால் கத்தி முனையால் போடாதீங்க. துளை ஊசி இருக்கிற மாடலாக வாங்குங்க, அதையும் குத்தாமல் திருகித் திருகி இறக்குங்க.

வாங்கும்போது கடையிலேயே மூணு சோதனை. மடக்கிய கத்தியை டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்க. முதுகு ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் போலி, இல்லைன்னா மட்டமான அசெம்பிளி. அலகைத் திறந்து முனையைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்க. ரிவெட் பக்கம் 'டிக் டிக்' என்று தட்டினால் வேண்டாம். கடைசியாக, மெதுவாக மடக்கும்போது பாதியைத் தாண்டியதும் விட்டுப் பாருங்க. ஸ்பிரிங் பலமாக இருந்தால் அலகு தானாக இழுத்துக்கிட்டு மூடும், தளர்ந்ததாக இருந்தால் அப்படியே தொங்கும். சிவப்புப் பிடியாக இருந்தால் சிலுவைச் சின்னத்தையும் கவனிங்க: நிறைய போலிகளில் அது பெயின்ட், நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும்.

தேங்காய்த்திட்டு:
மெக்கானிக் அண்ணன் சொன்னது வீட்டு உபயோகத்துக்குச் சரி. படகு, வலை, கருவாடு பக்கம் போகிறவருக்குக் கணக்கே வேறு.

முதலில் ஸ்டீல். இப்போது இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கும் மடக்குக்கத்திகளில் பாதி டி-2 ஸ்டீல். கூர் ரொம்ப நாள் நிற்கும், உண்மைதான். ஆனால் கடற்கரையில் அதை வாங்காதீர்கள். அதில் குரோமியம் 12 சதவீதம் பக்கம் இருந்தாலும் கார்பன் ஒன்றரை சதவீதம் இருப்பதால், குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டியாகிவிடும். துருவைத் தடுக்க மேல்படலம் கட்டவேண்டிய மிச்சம் போதாது. உப்புக் கையோடு தொட்டுவிட்டு ராத்திரி அப்படியே வைத்தால் காலையில் தேநீர் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். அந்தப் புள்ளியைத் தேய்த்தால் கீழே குழி.

விக்டோரினாக்ஸ் ஸ்டீலில் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டித்தான், குரோமியம் 14-க்கு மேல். கூர் சீக்கிரம் போகும், ராக்வெல் என்கிற கடினத்தன்மை அளவில் 56 தானே. அதனாலேயே சாதாரணக் கல்லில் ஐந்து நிமிஷத்தில் திரும்ப வரும். ஸ்வீடன்காரர்களின் 14சி28என் ஸ்டீல் இன்னும் கொஞ்சம் கெட்டி, துருவுக்கும் நல்லது. உப்புத் தண்ணீரிலேயே கிடக்கப்போகிற கத்தி என்றால் ஜப்பானில் செய்துவந்த எச்1 ஸ்டீல் பெயர் பெற்றது. அதில் கார்பன் மிகக் குறைவு. விலை பல மடங்கு, தவறிக் கடலில் விழுந்தால் மனசு கேட்காது. தினமும் கடலுக்குப் போகிறவருக்கு விலை குறைந்த ஸ்டெயின்லெஸ் ரெண்டாக வாங்கி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதே மேல்.

ஈரமான நைலான், பாலிப்ரொப்பிலீன் கயிற்றில் வழவழ கூர் வழுக்கும். ரம்பம் மாதிரி பல் வெட்டிய பல்கூர் ஒரு இழுப்பில் கடித்துவிடும். ஆனால் பல்கூரைக் கல்லில் தீட்ட முடியாது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் உருட்டுக் கம்பி வேண்டும். பழம் நறுக்கினால் சதை கிழியும். முத்தியால்பேட்டை நண்பர் கேட்டது மாங்காயும் கயிறும் சேர்ந்த வேலை. அவருக்கு வழவழ கூரே போதும். கயிற்றை இறுக்கி வளைத்துப் பிடித்து வளைவின் மேல் கூரை வைத்தால் சுலபமாக அறும். அறுத்த முனையை லைட்டரில் ஒரு நொடி காட்டி உருக்கிவிடுங்கள், பிரியாது.

இன்னொன்று: முனை. படகில் கூர்முனைக் கத்தி வேண்டாம். ஆட்டத்தில் தொடையிலோ மிதவையிலோ இறங்கும். முதுகு வளைந்து முனை மழுங்கலாக இருக்கும் அலகுதான் வலைக்குப் பொருத்தம்.

வைசியாள் வீதி:
புதுச்சேரியில் பேனாக்கத்தி என்று பேசிவிட்டு ஒபினெல் என்ற பிரெஞ்சுக் கத்தியின் பெயரை எடுக்காமல் எப்படி? பிரான்ஸிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் சீஸோடு, சாக்லேட்டோடு அதுவும் ஒன்று வரும். சவோயா மலைப்பகுதியில் 1890-இல் தொடங்கியது, இன்றும் அதே வடிவம்: பீச் மரப்பிடி, ஒரே அலகு. 1955-இலிருந்து கழுத்தில் ஒரு வளையம். திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 6-ஆம் நம்பர் அலகு 7 செ.மீ., எடை 30 கிராமுக்குள். 8-ஆம் நம்பர் எட்டரை செ.மீ. 5-ஆம் நம்பர் வரை வளையம் கிடையாது, பூட்டாது.

அலகின் மேல் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 'இனாக்ஸ்' என்றால் ஸ்டெயின்லெஸ், 12சி27 ரகம். 'கார்போன்' என்றால் கார்பன் ஸ்டீல். கார்பன் அலகின் கூர் அற்புதமாக வரும், ஆனால் பச்சை மாங்காய் ஒன்று நறுக்கினாலே அலகு கறுக்கும், துண்டில் இரும்பு வாடை ஏறும். அந்தச் சாம்பல் கறுப்பு கெடுதல் இல்லை, செந்துருதான் கெடுதல். நம்ம ஊரில் சாம்பல் முழுசாகப் படிவதற்குள் சிவப்பு முந்திக்கொள்ளும். இங்கே இனாக்ஸ்தான்.

குறையையும் சொல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பிடி ஈரம் குடித்து ஊதிவிடும். அலகு உள்ளே இறுகி, நகத்தைப் போட்டு இழுத்தால் நகம்தான் போகும். சவோயாக்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள்: வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசையில் நறுக்கென்று ஒரு தட்டு. அலகு முதுகைக் காட்டும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். நிரந்தர வழி வேண்டுமானால் நல்ல வெயில் காலத்தில் செய்யுங்கள். மெல்லிய ஸ்கேலில் 240 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிப் பிடியின் பிளவுக்குள் இரு பக்கமும் பத்துப் பத்துத் தேய்ப்பு, பிறகு ஆளி விதை எண்ணெயைப் பிளவுக்குள் தடவி ரெண்டு நாள் காயவிடுவது. தேங்காய் எண்ணெயை மரத்துக்குப் போடாதீர்கள். அது காயாது, சிக்கு வாடை வரும்.

பண்ருட்டித் தோப்பு:
பலாப்பால் பற்றி யாரும் எழுதவில்லையே. பேனாக்கத்தியைக் கெடுப்பதில் உப்புக்கு அடுத்தது அதுதான். சுளை எடுக்குமுன் அலகின் இரண்டு பக்கமும், மடங்கும் மூட்டிலும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவணும். தடவாமல் வெட்டினால் பால் மூட்டுக்குள் இறங்கிக் காய்ந்து ரப்பராகிவிடும், அப்புறம் அலகு பாதியில் நிற்கும். அப்படி ஆனால் சோப்புத் தண்ணீர் வேலைக்காகாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து மூட்டைத் தேய்த்து, இருபது முப்பது தடவை திறந்து மூடி, பால் திரித்திரியாக வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்கணும். மண்ணெண்ணெய் வாடை போகும்வரை பழத்தில் வைக்காதீங்க.

முந்திரிக் கொட்டையைப் பேனாக்கத்தியால் பிளக்கவே கூடாது. ஓட்டு எண்ணெய் விரலைப் பொத்துவிடும், ஸ்பிரிங் சந்தில் போனால் பிசினாகும்.

ஒட்டுக்கட்டுவதற்கும் இதே கத்தியா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒட்டுக்குச்சியில் சீவும் ஆப்பு மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக விழணும், அதற்கு ஒரு பக்கம் மட்டும் சாய்வு தீட்டிய தனிக்கத்தி. அட்டைப்பெட்டி கிழித்த கூரில் ஒட்டு பிடிக்காது.

ரம்பம் தேவைப்படுகிறவருக்கு விக்டோரினாக்ஸில் 93 மி.மீ. ஃபார்மர் மாடல் இருக்கு. ரெண்டு விரல் பருமன் கிளை வரைக்கும் அழகாக அறுக்கும். 2011 தானே புயல் மாதிரி மரம் சாய்ந்து வழி மறித்தால் அதற்குக் கோடாலிதான்.

மஞ்சக்குப்பம்:
சட்டம் பற்றி. ஆயுத விதிகள் 2016, கூர் ஆயுதங்களுக்கான ஐந்தாம் வகையில் சொல்வது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான்; வீடு, விவசாயம், தொழில் வேலைக்கென்று செய்தவை அதில் சேராது. மேலே பேசிய எல்லாமே அந்த அளவில் பாதியைக்கூட எட்டாதவை. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. விமானத்தில் கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். சோதனைக்குக் கொடுத்து அனுப்பும் பெட்டியில் போடுங்கள். கோர்ட், சிறையில் ஆள் பார்ப்பது, பெரிய அரசியல் கூட்டம், சென்னை மெட்ரோ போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாசலில் ஸ்கேனர் இருக்கும்.

பட்டனை அழுத்தினால் துள்ளித் திறக்கும் கத்தி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண்ணில் பட்டாலும் வாங்காதீர்கள். தில்லியில் அந்த ரகத்தில் 7.62 செ.மீ. அலகுக்கே தனித்தடை உண்டு. வேலைக்கும் அது உதவாது: மணல் ஒரு துகள் போனால் பாதியில் நிற்கும், பூட்டும் நம்பகமில்லை.

வில்லியனூர் சாணை:
கூர் பற்றி விரிவாக எழுதுகிறேன், இங்கேதான் நல்ல கத்திகள் வீணாகின்றன.

மோட்டார் சாணையில் பேனாக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அலகு மெல்லிசு, ரெண்டு நொடியில் சூடேறும். கூர் ஓரத்தில் வைக்கோல் நிறம், அப்புறம் நீலம் ஓடினால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. எத்தனை தடவை தீட்டினாலும் அங்கே கூர் மடங்கும். முனையும் உருண்டு போகும்.

வேண்டியது 1000 நம்பர் கல் ஒன்று. கூர் அடியோடு மழுங்கியிருந்தால் மட்டும் 400. கல்லைத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. கோணத்துக்கு ஒரு வழி: ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. தடிமன். அலகு அகலம் 14 மி.மீ. என்றால் மூன்று நாணயத்தை அடுக்கி, அதன் மேல் கத்தியின் முதுகை வையுங்கள். கூர் கல்லைத் தொடும். அது 18 டிகிரி சொச்சம். அந்தச் சாய்வைக் கை மனசில் பிடித்துக்கொண்டு நாணயத்தை எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கமே தொடர்ந்து தீட்டுங்கள், அடியிலிருந்து முனை வரை ஒரே இழுப்பு. பத்து இழுப்புக்கு ஒரு தடவை மறுபக்கத்தில் கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். நூல் மாதிரி சொரசொரப்பு தட்டும், அதுதான் பிசிர். அடி முதல் முனை வரை பிசிர் வராமல் பக்கம் மாற்றாதீர்கள். 'தீட்டினேன், வெட்டவில்லை' என்பவர்கள் எல்லாருமே பிசிர் வருமுன் திருப்பியவர்கள். மறுபக்கமும் பிசிர் வந்ததும், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடையே இல்லாமல் ஆறேழு இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போகும்படி பத்துத் தடவை. தாளை ஓரத்திலிருந்து சீவினால் சத்தம் ஒரே சீராக வரணும். நடுவே 'கர்' என்றால் அந்த இடத்தில் பிசிர் மிச்சம்.

முத்தியால்பேட்டை:
எல்லாருக்கும் நன்றி. கேடட் மாதிரி ஒன்றே எடுக்கிறேன். வெளியே தெரியும் துரு துடைக்க முடிகிறது. மூட்டுக்குள், ஸ்பிரிங் அடியில் வருவதற்கு என்ன வழி? ரிவெட் போட்டதால் கழற்ற முடியாதே.

தேங்காய்த்திட்டு:
கழற்ற வேண்டாம். வாரம் ஒரு தடவை, கடல் பக்கம் போன நாளில் உடனே: எல்லா அலகையும் திறந்து நல்ல தண்ணீரில் அலசுங்கள்; தண்ணீருக்குள் வைத்தே பத்துத் தடவை திறந்து மூடினால் உப்பும் மணலும் வெளியேறும். உதறிவிட்டு, திறந்தபடியே மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம். காய்ந்ததும் மூட்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேளுங்கள், சின்ன பாட்டில் போதும். சிக்கெடுக்காது, பழம் நறுக்கினாலும் பயமில்லை. தையல் மிஷின் எண்ணெய் மூட்டுக்குப் போகலாம், அலகுக்கு வேண்டாம். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பையிலிருக்கும் பஞ்சும் தூசியும் ஒட்டி அரக்காகும்.

தோல் உறை வாங்கியிருந்தால் கத்தியை அதில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் வியர்வையும் உப்பும் குடித்து வைத்துக்கொண்டு, அலகோடு ஒட்டியே இருக்கும். பீரோவில் வைப்பதானால் வெறும் காடாத் துணி, கூடவே மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.